அறுபத்தொரு மதிய உணவுகளைக் கைப்பற்றிய புதன்கிழமை

1974 பெப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. எங்கள் அலுவலகக் கந்தோர் வாசலில் தொங்கிய வெப்பமானி அந்த நேரத்திலேயே இருபத்தொன்பது பாகை காட்டியது. வடக்கிலிருந்து அடித்த காற்றில் காய்ந்த புல்லின் மணமும் புழுதியும் இருந்தன. இதை நினைவிலிருந்து எழுதவில்லை. அந்த ஆண்டின் நாட்குறிப்பு இப்போது என் முழங்காலில் விரிந்து கிடக்கிறது.

சுகாதாரப் பரிசோதகர்களாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, போன மாதம் உங்களில் மூன்று பேர், வெஸ்ட்மீட்டிலிருந்து ஒருவரும் கிரான்பர்னிலிருந்து இருவரும், என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். ஆய்வுகூட முடிவு வருமுன் ஒரு கடையையோ சமையலறையையோ எப்போதாவது மூடியிருக்கிறீர்களா அங்கிள், மூடினால் எந்தத் துணிவில் மூடினீர்கள் என்று. தேத்தண்ணீர் ஆறும்வரை நான் சுற்றி வளைத்து ஏதோ சொன்னேன். அதன் பின் இரண்டு இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. சரியான விடையை இப்போது எழுதுகிறேன். நான் எதையும் மூடவில்லை. மூட எனக்கு அதிகாரம் இருக்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. யாழ்ப்பாணத்தில் ஒன்பது ஆண்டுகள் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்துவிட்டு வந்திருந்தேன். மெல்பேர்ணின் வெளிப்புறத்தில், பாதி தோட்டமும் பாதி புது வீடுகளுமாக இருந்த ஒரு கவுன்சிலில், அதாவது உள்ளூராட்சிச் சபையில், உதவிச் சுகாதாரப் பரிசோதகர் வேலை. கந்தோரில் மொத்தம் நாற்பத்திரண்டு பேர். மண்ணிறத் தோலுடன் ஒருவன்தான், அது நான். ஆறு மாதத் தகுதிகாண் காலம் அந்த வாரம் வெள்ளிக்கிழமை முடிய இருந்தது. வேலை நிரந்தரமானால்தான் வாடகை வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாம். என் மனைவி அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி.

எங்கள் பிரிவின் தலைமைப் பரிசோதகர் விடுமுறையில் இருந்தார். கிழக்குக் கடற்கரையில், தொலைபேசி இல்லாத ஒரு மீன்பிடிக் கொட்டிலில். கவுன்சிலின் மருத்துவ அதிகாரி பகுதி நேர உத்தியோகம் பார்த்த உள்ளூர் டொக்டர். தன் கிளினிக்கை விட்டு அசைய மாட்டார். எனவே அந்த வாரம் சுகாதாரப் பிரிவு என்பது நானும் ஒரு தட்டச்சுப் பெண்ணும்தான்.

எட்டுப் பத்துக்கு வந்தது அந்த டொக்டரின் தொலைபேசி அழைப்பு. வயதான மூன்று பேருக்குக் காய்ச்சலும் கடும் வயிற்றோட்டமும், ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று, திங்கட்கிழமையே மல மாதிரிகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டேன் என்றார்.

எங்கள் கவுன்சில் மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கவுன்சிலர்கள் வட்டாரப்படி, வரிப் புத்தகம் வட்டாரப்படி, றோட்டுச் செலவு வட்டாரப்படி. டொக்டர்மார் அனுப்பும் நோய் அறிவித்தல்களையும் தட்டச்சுப் பெண் அதே வழக்கப்படி மூன்று மரத்தட்டுகளில் போட்டு வைப்பாள். வடக்குத் தட்டில் நான்கு. நடுத்தட்டில் மூன்று. தெற்கில் நான்கு. தனித்தனியே பார்த்தால் வெயில் காலத்தில் வழக்கமாக வருவதுதான். மூன்றையும் ஒரே மேசையில் கொட்டினேன். பதினொன்று. பதினொரு பேரும் அறுபத்தெட்டு வயதுக்கு மேல். வெள்ளிக்கிழமையிலிருந்து அந்தத் தாள்கள் ஒன்றையொன்று காணாமல் கிடந்திருக்கின்றன.

இதுவரை நான் செய்தது சரி. இனிச் செய்ததைக் கவனமாக வாசியுங்கள்.

யாழ்ப்பாணத்தில் வயிற்றோட்டம் என்றால் நாங்கள் போவது ஒரே இடத்துக்கு: கிணறு. கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் இடையே ஐம்பது அடி இருக்கிறதா என்று அளப்போம். ஒன்பது ஆண்டுகளில் நான் அளந்த கிணறுகள் ஆயிரத்து நூற்றுக்கு மேல். நெருப்புக் காய்ச்சலில், அதாவது டைபாய்டில், அளவுநாடா ஒரு முறையும் பொய் சொன்னதில்லை. இங்கேயோ பாதி வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் வந்திருக்கவில்லை. பின்வளவில் மலக்குழி. சில வீடுகளில் மழைத் தண்ணீர்த் தொட்டி. எனக்கு வேறு என்ன வேண்டும்? அளவுநாடாவையும் பதினொரு போத்தல்களையும் எடுத்துக்கொண்டு கவுன்சில் காரில் ஏறினேன்.

செவ்வாய் முழுவதும் பதினொரு வீடுகள். மலக்குழிக்கும் தொட்டிக்கும் இடைத்தூரம், குழாய்கள் எத்தனை, கூரைப் பீலிகள் எத்தனை, பூனைகள் எத்தனை, சமைக்கும் குசினியில் என்ன கிடக்கிறது, எல்லாம் எழுதினேன். ஐந்து வீடுகளில்தான் மழைத் தொட்டி இருந்தது. மற்ற ஆறிலும் நகரக் குழாய்த் தண்ணீர். அதுவே என்னை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

நான்காவது வீட்டில் பேர்ட் என்றொரு பழைய ரயில்வே ஊழியர், எண்பத்தொரு வயது. சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். அவர்கள் எல்லாம் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் இன்று ஒலிப்பது என் தமிழில், 'நண்பா' என்ற பொருளில் ஆளுக்கு ஆள் சொல்லும் 'மேட்' மட்டும் அப்படியே.

"தண்ணியோ? மேட், நான் தண்ணி குடிச்சு ஒம்பது வருசம்."

"அப்ப என்ன குடிக்கிறனீங்கள்?"

"பின்னேரம் பியர். விடியத் தேத்தண்ணி. அது கொதிச்ச தண்ணி, அதுக்கு நீர் குற்றம் சொல்ல ஏலாது."

"சரி, எண்டாலும் ஒரு போத்தல் எடுக்கிறன்."

"எடும் எடும். ஆராவது ஒருத்தர் அதைக் குடிச்சால் சந்தோசம்."

அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். பின்னர் அவர் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்தேன்.

எட்டாவது வீட்டில் ஆள் இல்லை. எழுபத்தொன்பது வயது அம்மா ஒருவர். முதல் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்துவிட்டாள். குசினியில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. யன்னல் ஓரம் செருப்பு ஒரு சோடி. அதையும் எழுதினேன்.

மாலை ஐந்து மணிக்குப் பதினொரு போத்தல்களையும் ஆய்வுகூடத்தில் ஒப்படைத்தேன். தண்ணீர்தான் காரணம் என்று கவுன்சில் செயலாளரிடம் சொல்லி, தொட்டிகளுக்குக் குளோரின் போட ஓர் ஊழியரையும் அனுப்பினேன். ஒரு நல்ல நாள் வேலை செய்த நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை காலை ஆறரை மணி. நான் பாண் ரொட்டி தின்றுகொண்டிருக்க, என் மனைவி மேசையில் கிடந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினாள். அவள் ஊரில் கணித ஆசிரியை. என் எண்களைப் பார்த்துச் சிரிப்பது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு.

"இஞ்சாருங்கோ, பூனை ஏழு எண்டு கூட்டி வைச்சிருக்கிறியள். ஆருக்கு அனுப்பப் போறியள் இந்தக் கணக்கை?"

"வை அதை."

"பொறுங்கோ. தகரத்தட்டு ரண்டு. தகரத்தட்டு மூண்டு. தகரத்தட்டு அஞ்சு, கழுவி அடுக்கினது. எல்லா வீட்டிலயும் எழுதியிருக்கிறியள். இது என்ன தகரத்தட்டு?"

"மெல்லிசுத் தகரத்தில செய்தது. சாப்பாடு போட்டுக் குடுக்கிறது. கிழடுகள் அதை எறியாதுகள், கழுவி வைக்குங்கள்."

"ஆர் போட்டுக் குடுக்கிறது?"

நான் பாணைக் கீழே வைத்தேன்.

"ஏனப்பா முழிக்கிறியள்? பதினொரு வீட்டிலயும் ஆரோ ஒரே ஆக்கள்தானே சமைச்சுக் குடுக்கினம். அவையளை விட்டிட்டு என்னத்துக்குத் தண்ணித் தொட்டியை அளந்து திரிஞ்சனீங்கள்?"

பதினொரு வீடுகளிலும் முப்பத்துநான்கு தட்டுகள். ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறேன். எண்ணினேனே தவிர, எதை எண்ணுகிறேன் என்று ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. அந்தத் தட்டுகளை நிரப்பியது வேறு யாருமல்ல, எங்கள் கவுன்சில். முதியவர்களுக்கு வார நாட்களில் மதிய உணவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம். குசினி எங்கள் கந்தோருக்குப் பின்பக்கம், என் கதிரையிலிருந்து அறுபது அடி. டிசம்பரில் நானே அதைப் பரிசோதித்து ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது புள்ளி போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை நான் தொட்டிகளை அளந்துகொண்டிருந்தபோது, அந்தக் குசினியிலிருந்து அறுபத்தொரு சாப்பாடு வெளியே போயிருந்தது.

எட்டரைக்குக் கந்தோரில் கால் வைத்ததும் தட்டச்சுப் பெண் எழுந்து நின்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி. எட்டாவது வீட்டு அம்மா அதிகாலையில் இறந்துவிட்டார்.

நேரே குசினிக்குப் போனேன். அதை நடத்தியவர் ஜாய்ஸ் என்ற ஐம்பது வயதுப் பெண்மணி. சம்பளம் அவருக்கு மட்டும்தான். மற்றப் பெண்களும் சாப்பாடு கொண்டுபோகும் கார்க்காரர்களும் தொண்டர்கள். நிலம் பளபளவென்று இருந்தது. கத்திகள் அளவுப்படி தொங்கின. போன வியாழனிலிருந்து என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வெயில் தொடங்கினாப் பிறகு சூடான புடிங் ஒருத்தரும் தின்னீனமில்லை, டியர். வியாழனிலயிருந்து எலுமிச்சங் கிறீம் குடுக்கிறம். குளுகுளு எண்டு இறங்கும். இண்டைக்கும் அதுதான்."

"அதுக்கு என்ன போடுறனீங்கள்?"

"எலுமிச்சம்புளி, சீனி, முட்டை. வெள்ளைக்கருவை நுரைக்க அடிச்சுக் கலக்கிறது."

"அடுப்பில வைக்கிறதில்லையோ?"

"வைச்சால் அது எலுமிச்சங் கிறீமோ?"

முட்டையைப் பார்க்க வேண்டும் என்றேன். பின் விறாந்தைக்குக் கூட்டிப் போனார். மரப்பெட்டிகள் ஆறு, குளிர்பெட்டியில் இடமில்லாததால் அங்கே. ஒரு தட்டில் முப்பது முட்டை. முதல் தட்டில் இருபத்திரண்டில் வெடிப்பு. சிலவற்றில் கோழி எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. கவுன்சில் தலைவருக்குக் கோழிப் பண்ணை இருந்தது. வெடித்த முட்டையைக் கடைக்கு விற்க முடியாது. எனவே வாராவாரம் அவற்றை இந்தக் குசினிக்கு இலவசமாக அனுப்பி வந்தார். நான்கு ஆண்டுகளாக நடக்கும் நல்ல காரியம். ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. டிசம்பரில் நான் அந்த விறாந்தையில் நின்று தரை ஓடுகளை எண்ணியிருக்கிறேன். முட்டை பட்டியலில் இல்லாததால் பெட்டியைத் திறக்கவில்லை.

ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஆய்வுகூடத்துக்குத் தொலைபேசினேன். அங்கே ஒரு மதராஸ்காரர் தொழில்நுட்பவியலாளராக இருந்தார். கொத்தமல்லிக் கட்டு எங்கே கிடைக்கும் என்று தேடிய இடத்தில் எங்களுக்குள் பழக்கம்.

"சார், உங்க பதினோரு பாட்டில்லயும் இதுவரைக்கும் ஒண்ணும் வளரல. எங்க ஊர்த் தண்ணி இப்படி இருந்தா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன்."

"தண்ணியை விடுங்கோ தம்பி. டொக்டர் திங்கக்கிழமை அனுப்பினது?"

"ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை வரும் சார்."

"கிருமி வளர்க்கிற தட்டை இப்ப பாத்தால் என்ன தெரியுது?"

"பாத்ததைச் சொன்னா என் வேலை போயிடும் சார்."

"எனக்கும் வெள்ளிக்கிழமைதான் வேலை நிரந்தரமாகிற நாள்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இருக்கறது ரெண்டு பேருக்குமே நல்லது." குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு உங்க வீட்டுல முட்டை வேணாம்னு அண்ணிகிட்ட சொல்லுங்க. வெச்சிடறேன் சார்."

முட்டை என்ற சொல்லை நான் அவரிடம் சொல்லவே இல்லை. மலத்திலிருந்து வளரும் கிருமியைப் பார்த்து அது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கும் அளவுக்கு அவருக்கு அனுபவம் இருந்தது. ஆனால் கையில் தாள் இல்லை. சாப்பாட்டுக் கார்கள் புறப்படுவது பதினொன்றரைக்கு.

பத்து மணிக்குக் கவுன்சில் செயலாளரின் அறை. நிர்வாகம் முழுவதும் அவர் கையில். நேர்மையானவர், ஒரு சத்தம் உயர்த்திப் பேச மாட்டார், ஒரு தாள் குறைந்தாலும் ஏற்க மாட்டார். நான் நின்றபடியே சொன்னேன்.

"ஆய்வுகூட அறிக்கை இருக்கிறதா?" என்றார்.

"வெள்ளிக்கிழமை."

"நேற்றுத் தண்ணீர் என்று சொன்னீர்கள். எங்கள் ஊழியர் ஒருவரைத் தொட்டிகளுக்குக் குளோரின் போடவும் அனுப்பினீர்கள்."

"ஓம். அது என்ரை பிழை."

"இன்று முட்டை. நாளைக்கு?"

முகம் சுட்டது.

"வெளியே முப்பத்தெட்டுப் பாகை வரும் என்கிறார்கள். அறுபத்தொரு வயோதிபர்கள். அவர்களில் பலருக்கு நாளுக்கு ஒரு நேரச் சாப்பாடு இதுதான். ஊகத்தை வைத்து அதை நிறுத்தச் சொல்கிறீர்கள். வேண்டுமானால் அந்தக் கிறீமை மட்டும் எடுத்துவிடுங்கள். இறைச்சியும் பச்சைக் காய்கறிச் சலாதும் போகட்டும்."

இந்த இடத்தில் எனக்கு ஆசை வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். அது நியாயமான யோசனையாகத் தெரிந்தது. செயலாளரும் சந்தோஷப்படுவார், தலைவரும் கோபிக்க மாட்டார், வெள்ளிக்கிழமையும் தப்பும். ஆனால் அந்தக் குசினியில் ஒரே ஒரு நீள மேசை. முட்டை உடைத்த மேசையில்தான் இறைச்சி வெட்டினார்கள். அதை நான் ஒன்றரை மணி நேரத்துக்கு முன் கண்ணால் பார்த்திருந்தேன்.

"எல்லாம் ஒரே மேசை. முழுச் சாப்பாடும் போகக் கூடாது," என்றேன்.

"குசினியை மூட உங்களுக்கு அதிகாரம் இல்லை."

"தெரியும். டொக்டர் கையெழுத்துப் போட வேணும், அவர் பின்னேரம்தான் வருவார். ஆனால் பழுதெண்டு சந்தேகிக்கிற உணவைக் கைப்பற்ற எனக்கு அதிகாரம் இருக்குது. நான் குசினியை மூடேல்லை. அறுபத்தொரு சாப்பாட்டைக் கைப்பற்றுறன்."

மேசையில் கைப்பற்றல் படிவத்தை வைத்தேன். உணவின் உரிமையாளர் என்ற கோட்டில் எங்கள் கவுன்சிலின் பெயர். கைப்பற்றுபவர் யார் சார்பில் என்ற கோட்டிலும் எங்கள் கவுன்சிலின் பெயர். செயலாளர் அதை இரண்டு முறை வாசித்தார். அவர் வாயோரம் அசைந்தது. சிரிப்பா வேறென்னவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பின்னேரம் டொக்டர் வரும்வரை இது உங்கள் முடிவு. உங்கள் பெயர். எங்களுடையதல்ல."

"விளங்குது."

"என் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்."

பத்து மணி இருபத்தாறு. குறித்தேன்.

குசினிக்குத் திரும்பி ஜாய்ஸிடம் படிவத்தைக் கொடுத்தபோது மற்றப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இறந்த அம்மாவின் பெயரைச் சொன்னேன். ஜாய்ஸ் ஏப்ரனைக் கழற்றி நான்காக மடித்தார். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"சரி. பன்ரண்டு மணிக்கு அதுகள் எதைத் தின்னும்?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"உம்மட்டைத்தான் கேக்கிறன், டியர். என்ரை பட்டியலில பதினேழு பேருக்கு வாசலால ஒருத்தரும் வாறேல்லை, எங்கடை கார்க்காரரைத் தவிர. நீர் பறிச்சிட்டீர். என்னத்தைக் குடுக்கப் போறீர்?"

சட்டத்தைப் படித்திருந்தேன், கிருமியைப் படித்திருந்தேன். இந்தக் கேள்வியை நான் எங்கும் படிக்கவில்லை. ஒரு மனிதர் கையிலிருந்து சோற்றை வாங்கினால் அந்தக் கையில் வேறொன்றை வைக்க வேண்டும் என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் என் ஊரில் எந்த வீட்டிலும் அது தெரிந்த விஷயம்.

"பேணியில அடைச்சது," என்றேன். "அதில ஒருத்தற்றை கையும் படேல்லை."

இருவரும் நடந்தே கடைத்தெருவுக்குப் போனோம், ஓட்டமும் நடையுமாக. தகர டின்னில் அடைத்த சூப் பேணிகள், பழப் பேணிகள், பாண். அவர் ஒவ்வொன்றாக எடுக்க நான் எண்ணினேன். காசு மேசையில் கடைக்காரர் கவுன்சில் காசு தரும் என்று காட்டும் கொள்வனவுத் தாளைக் கேட்டார். கடையிலிருந்தே செயலாளருக்குத் தொலைபேசினேன். தான் அங்கீகரிக்காத முடிவுக்குக் கொள்வனவுத் தாள் தர முடியாது என்றார். அவர் பக்கத்தில் அது சரி. என் சட்டைப் பையில் இரண்டு வார வாடகை, நாற்பது டாலர் இருந்தது. மதியம் வீட்டுக்காரரிடம் கொடுக்க வைத்திருந்தேன். எடுத்து வைத்தேன்.

"நாலு பேணி திறக்கிற கத்தியும் போடும்," என்றார் ஜாய்ஸ் கடைக்காரரிடம். "பாதிப் பேரின்ரை விரல் மடங்காது."

கார்க்காரர்கள் பதினொன்றரைக்கு வந்து வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அதுதான் அந்த வாரம் முழுவதிலும் நான் செய்த உருப்படியான காரியம். சாப்பாட்டில் கொஞ்சத்தை மிச்சம் பிடித்து இரவுக்கு வைப்பது தனியாக இருக்கும் வயோதிபர்களின் வழக்கம். தட்டைக்கூடக் கழுவி வைப்பவர்கள், இனிப்பை எறிவார்களா?

"பேணியைக் குடுத்திட்டு வராதேங்கோ," என்றேன் கார்க்காரர்களிடம். "உள்ளுக்குப் போய்க் குளிர்பெட்டியைத் திறவுங்கோ. எலுமிச்சங் கிறீம் எங்க கிடந்தாலும் எடுத்துக்கொண்டு வாங்கோ. கிண்ணம் எத்தினை எண்டு எனக்குச் சொல்ல வேணும்."

ஒன்பது வீடுகளுக்கு நானே போனேன். பேர்ட் கட்டிலில் படுத்திருந்தார். முதல் நாளைவிட மெலிந்து போயிருந்தார். கட்டிலருகே சிறு மேசையில் கிண்ணம், மேலே சாசர் போட்டு மூடி.

"அதைத் தாங்கோ, பேர்ட்."

"ஏலாது. கிழமையில எனக்குப் பிடிச்ச ஒண்டே ஒண்டு அது. பொழுதுபட்டால் தின்னலாம் எண்டு வைச்சிருக்கிறன்."

"அதுதான் உங்களுக்கு வருத்தத்தைக் கொண்டுவந்தது."

"நேற்று என்ரை தண்ணி எண்டு சொன்னீர்."

"நேற்று நான் பிழை."

"இண்டைக்குச் சரி எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. வெள்ளிக்கிழமைதான் சொல்லுவினம்."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "நேற்றுப் போத்தலும் நாடாவுமாய் வந்தபோது நீர் இப்படிப் பயந்த மாதிரித் தெரியேல்லை, மேட்," என்றார். பிறகு சாசரோடு சேர்த்துக் கிண்ணத்தை நீட்டினார். "பழம் என்ன பழம்?"

"பீச்."

"பேரிக்காய் இல்லையோ?"

காருக்குப் போய்ப் பேரிக்காய் எடுத்து வந்து, திறந்து, கரண்டியோடு கொடுத்தேன். டொக்டருக்கு அவர் வீட்டிலிருந்தே தொலைபேசி, ஆஸ்பத்திரி வண்டி வரும்வரை பக்கத்தில் இருந்தேன்.

இரண்டு மணிக்குள் எல்லாக் கார்களும் திரும்பின. கிண்ணங்கள் பதினான்கு. குசினி மேசையில் வரிசையாக வைத்து நானும் ஜாய்ஸும் பார்த்துக்கொண்டு நின்றோம். படிவத்தைக் கொடுத்துவிட்டு என் மேசைக்குப் போயிருந்தால், அல்லது குசினியை மூடும் அதிகாரம் எனக்கு உண்மையிலேயே இருந்து கதவில் பூட்டைப் போட்டிருந்தால், அந்தப் பதினான்கும் அன்று மாலை பதினான்கு வாய்களுக்குள் போயிருக்கும். பசியோடு இருந்தவர்கள் வேறெதைத் தின்றிருப்பார்கள்?

நான்கு மணிக்கு டொக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். ஐந்து மணிக்குக் கவுன்சில் தலைவர் வந்தார். ஆறடி இரண்டு அங்குலம், தொப்பியைக் கழற்றாமல் என் அறைக்குள் வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"என் முட்டையா?"

"அப்பிடித்தான் நினைக்கிறன்."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியாது."

தொப்பியைக் கழற்றிக் கதிரையில் உட்கார்ந்தார். இறந்த அம்மாவின் வீட்டுக்குப் பக்கத்தில்தான் தான் பிறந்ததாகச் சொன்னார். பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுகூடத்திலிருந்து தாள் வந்தது. நோயாளிகளிடமும் விறாந்தை முட்டைகளிலும் பதினான்கு கிண்ணங்களில் ஒன்பதிலும் ஒரே கிருமி. செவ்வாய்க்கிழமைச் சாப்பாட்டால் மேலும் ஆறு பேர் படுத்தார்கள். அந்த ஆறும் என் அளவுநாடாவின் கணக்கு. அதை வேறு யார் பக்கத்திலும் நான் எழுதியதில்லை. புதன்கிழமையிலிருந்து சாப்பிட்டதால் ஒருவரும் படுக்கவில்லை, ஒருவரும் இறக்கவில்லை. பேர்ட் பதினேழு நாளில் வீட்டுக்கு வந்தார். அடுத்த கவுன்சில் கூட்டத்தில் தலைவர் எழுந்து, முட்டைகள் என்னுடையவை என்று தானே சொல்லி உட்கார்ந்தார். ஜாய்ஸின் குசினிக்கு இரண்டாவது மேசையும் இரண்டாவது குளிர்பெட்டியும் வந்தன. நோய் அறிவித்தல்களுக்கு மூன்று மரத்தட்டுகள் போய் ஒன்று வந்தது. அந்த ஒற்றைத் தட்டு இருபத்தாறு ஆண்டுகள் என் மேசையில் இருந்தது.

அதன்பின் எத்தனையோ இடங்களுக்குப் போய் எத்தனையோ உணவைக் கைப்பற்றியிருக்கிறேன். பதவி உயர்வுகளும் வந்தன. என் மேசையில் வைத்துப் பெருமைப்பட ஒன்றைத்தான் எடு என்றால் அந்தப் புதன்கிழமையைத்தான் எடுப்பேன். உங்களுக்கு இப்போது மூட அதிகாரம் இருக்கிறது. பூட்டைப் போடுமுன் ஜாய்ஸ் கேட்ட கேள்வியை நீங்களே உங்களிடம் கேளுங்கள். விடை கையில் இல்லாவிட்டால், அதைத் தேடிக்கொண்டு பூட்டுங்கள்.

இனிச் செலவு. பேணிகளுக்கும் பாணுக்கும் நான் கொடுத்த காசைத் திருப்பித் தரும்படி மூன்று கடிதம் எழுதினேன். கொள்வனவுத் தாள் இலக்கம் இல்லாததால் மூன்றும் திரும்பி வந்தன. செயலாளர் மூன்றாவதில் தன் கைப்பட, வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார். அந்தத் தொகையைத் தான் தருவதாகத் தலைவர் ஒரு நாள் என் அறைக்கு வந்தார். நான் வாங்கவில்லை. நான் யார் முட்டையைக் கைப்பற்றினேனோ அவரிடம் காசு வாங்கினேன் என்று ஒரு வாயும் பேசக் கூடாது. மீன்பிடித்துத் திரும்பிய தலைமைப் பரிசோதகர் எனக்காக வாதாடினார். ஆனாலும், செவ்வாய்க்கிழமை தவறிய முடிவைக் காட்டி, என் தகுதிகாண் காலத்தைப் பதின்மூன்று வாரம் நீட்டினார்கள். அதை நான் எதிர்க்கவில்லை. வாடகையைப் பிந்திக் கொடுத்ததற்கு வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

சூப் அறுபத்தொரு பேணி, பத்து டாலர் தொண்ணூற்றெட்டுச் சதம். பழம் அறுபத்தொரு பேணி, பதினாறு டாலர் நாற்பத்தேழு. பாண் முப்பத்தொன்று, ஒன்பது டாலர் முப்பது. பேணி திறக்கும் கத்தி நான்கு, ஒரு டாலர் எண்பது. ஆக முப்பத்தெட்டு டாலர் ஐம்பத்தைந்து. வேலை நிரந்தரமாகாததால் கிடைக்காமல் போன சம்பள உயர்வு, வாரம் மூன்று டாலர் இருபதுப்படி பதின்மூன்று வாரத்துக்கு, நாற்பத்தொரு டாலர் அறுபது. வட்டி சேர்க்காமல், எண்பது டாலர் பதினைந்து சதம்.